பழைய டூ-ஸ்ட்ரோக் என்ஜின்: கார்புரேட்டரோடு நிறுத்துவதா, கிராங்க் வரை போவதா?

புல்வெட்டி, மரம் அறுக்கும் ரம்பம், மருந்து தெளிக்கும் மெஷின், மொபெட், படகுக்குப் பின்னால் மாட்டும் சின்ன மோட்டார் என்று எதுவாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே சங்கதிதான். ஒரு பிஸ்டன், அதன் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் ஒரு கிராங்க். சிலிண்டர் தலையில் வால்வும் கிடையாது, அடியில் ஆயில் தொட்டியும் கிடையாது; ஆயில் பெட்ரோலோடு சேர்ந்தே வரும். பல வருடம் உழைத்த, அல்லது பல வருடம் மூலையில் கிடந்த இப்படி ஒரு என்ஜின் மக்கர் செய்தால் நம் முன்னால் ஏறக்குறைய ஐந்து வழிகள் இருக்கின்றன. இருப்பதைச் சுத்தம் செய்து ஓட்டலாம். பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டரையோ, பொறிக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலையோ புதிதாக மாற்றலாம். மேல் பாதியைக் கழற்றி பிஸ்டன், ரிங், போர் (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்குவது) வேலை பார்க்கலாம். கிராங்க் வரை முழுசாகப் பிரிக்கலாம். இல்லையென்றால் இந்த என்ஜினுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேறு தேடலாம்.

பெரும்பாலானோர் இதே வரிசையில் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு போகிறார்கள். முதலில் கார்புரேட்டர், சரிவரவில்லை என்றால் பிளக், அப்புறம் காயில், அப்புறம் பிஸ்டன். எனக்கு இந்த வரிசையில் உடன்பாடு இல்லை. ஐந்தில் எது என்பதைத் தீர்மானிக்கிற பொருள் கார்புரேட்டரும் அல்ல, பிஸ்டனும் அல்ல. கிராங்கின் இரு முனையிலும் உட்கார்ந்திருக்கும் இரண்டு ரப்பர் ஆயில் சீல்கள்தான்.

காரணம் இந்த என்ஜினின் அமைப்பிலேயே இருக்கிறது. 1890-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜோசப் டே கொண்டுவந்த வடிவம் இது. பிஸ்டன் மேலே ஏறும்போது கிராங்க் அறைக்குள் வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோலும் காற்றும் அங்கே வரும். பிஸ்டன் இறங்கும்போது அந்தக் கலவை அழுத்தப்பட்டு, பக்கவாட்டு வழிகள் மூலம் சிலிண்டருக்குள் ஏறும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறை என்பது ஆயில் தெறிக்கிற ஓர் இடம், அவ்வளவே. இங்கே அதுதான் பம்ப். சீல் கெட்டுப்போனால் கார்புரேட்டர் அளந்து கொடுக்காத காற்று பக்கத்தில் புகுந்துவிடும். கலவையில் பெட்ரோலின் பங்கு குறையும், அதோடு சேர்ந்து வருகிற ஆயிலும் குறையும். சூடு ஏறி, பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். புதுப் பிஸ்டன் போட்டு அதே சீலோடு ஓட்டினால், பழைய பிஸ்டனைத் தின்றது புதியதையும் தின்னும்.

முடிவுக்கு முன் என்னென்ன பார்ப்பது

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பலமுறை இழுத்த பிறகும் காய்ந்திருந்தால் பெட்ரோல் சிலிண்டருக்கு வரவில்லை. சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பற்றவில்லை. அடுத்து, பிளக்கின் உலோக உடலை என்ஜினில் தொடவைத்து, பிளக் துளையிலிருந்து தள்ளிப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பளிச்சென்று நீலப் பொறி வந்தால் நல்லது. துளைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும், கவனம். பொறி நன்றாக இருந்தும் பற்றவில்லை, அல்லது கயிற்றைப் பின்னுக்கு இழுத்து உதைக்கிறது என்றால் ஃப்ளைவீலை நிறுத்திவைக்கும் சாவி வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது கொஞ்சம் நகர்ந்தாலே டைமிங், அதாவது பொறி விழும் நேரம், போய்விடும்.

ஆயில் கலந்த பெட்ரோலைச் சில சொட்டு பிளக் துளையில் விட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். சில நொடி ஓடி அணைந்தால் கோளாறு பெட்ரோல் வழியில்தான்.

எனக்கு மிகப் பிடித்த சோதனை வேறு. சைலன்சரைக் கழற்றிவிட்டு, டார்ச் அடித்து, புகை வெளியேறும் துளை வழியாகப் பிஸ்டனைப் பார்ப்பது. ஒரு ஸ்பானர் போதும், ஐந்து நிமிட வேலை. பிஸ்டனை மேலும் கீழும் நகர்த்தும்போது அதன் பக்கவாட்டில் கடைசல் கோடுகள் மட்டும் தெரிந்தால் நிம்மதி. மேலிருந்து கீழாகக் கீறல்கள், உருகி இழுபட்ட மாதிரி தடங்கள் தெரிந்தால் இந்த என்ஜின் ஒருமுறையாவது சூட்டில் பிடித்திருக்கிறது. அதோடு நிற்காமல் கார்புரேட்டர் பக்கத்துத் துளை வழியாகவும் பாருங்கள். அங்கே மட்டும் மங்கலாகத் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டர் சரியில்லாமல் தூசி உள்ளே போயிருக்கிறது. சூட்டில் வந்த கீறல் பெரும்பாலும் புகைத் துளைப் பக்கம், தூசியின் தேய்மானம் காற்று வரும் பக்கம். இந்த ஒரு வித்தியாசமே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

கம்ப்ரஷன் கேஜ், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று காட்டும் மீட்டர், இருந்தால் த்ராட்டிலை முழுசாகத் திறந்து வைத்து, முள் ஏறுவது நிற்கும்வரை இழுக்க வேண்டும். கையால் தூக்கும் சின்ன மெஷின்களில் 120 பிஎஸ்ஐ-க்கு மேல் இருந்தால் கவலை இல்லை. 90-க்குக் கீழே போனால் ஸ்டார்ட் ஆவதே பாடாகிவிடும். ஆனால் இந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. காருக்கான நீள டியூப் வைத்த கேஜ், 40 சிசி சிலிண்டரில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். காரணம், டியூபுக்குள் இருக்கும் இடமும் எரி அறையோடு சேர்ந்துகொள்கிறது. திரும்பிப் போகாமல் தடுக்கும் வால்வு பிளக் முனையிலேயே இருக்கும் கேஜ்தான் சரி. நேர்மாறாக, சிலிண்டர் ஆயிலில் ஊறியிருந்தால் தேய்ந்த என்ஜின்கூட நல்ல எண்ணைக் காட்டி ஏமாற்றும்.

கடைசியாக அந்தச் சீல். காற்று வரும் வழியையும் புகை போகும் வழியையும் ரப்பர் துண்டு வைத்து அடைத்து, கிராங்க் அறைக்குள் ஏறக்குறைய 7 பிஎஸ்ஐ, அதாவது அரை பார் காற்று ஏற்றினால் முள் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவி எங்கே நுரைக்கிறது என்று பார்க்கலாம். அதோடு வெற்றிடமும் ஏற்படுத்திப் பார்ப்பது அவசியம். சீலின் உதடு உள்ளிருந்து வரும் அழுத்தத்தில் ஷாஃப்ட்டோடு ஒட்டிக்கொள்ளும், உறிஞ்சும்போது விட்டுக்கொடுக்கும். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டால் தப்பிவிடும்.

இந்தக் கருவி இல்லாவிட்டாலும் ஓடுகிற என்ஜின் தானே காட்டிக்கொடுக்கும். த்ராட்டிலை விட்ட பிறகும் வேகம் உடனே இறங்காமல் தொங்குவது, மெஷினைச் சாய்க்கும்போது ஐடிலிங் மாறுவது, எவ்வளவு திருகினாலும் ஐடிலிங் ஒரே சீராக நிற்காதது எல்லாம் எங்கோ காற்று புகுவதன் அடையாளம். கியர்பாக்ஸ் சேர்ந்த என்ஜின் என்றால் அந்தப் பக்கத்து சீல் போனதும் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். புகை அடங்காது, கியர் ஆயில் மட்டம் குறைந்துகொண்டே போகும்.

சுத்தம் செய்தால் போதும் என்ற நிலை

நிறுத்தும்போது நன்றாக ஓடியது, சும்மா கிடந்ததால் ஸ்டார்ட் ஆகவில்லை. பிஸ்டனில் கீறல் இல்லை, கம்ப்ரஷன் இருக்கிறது. இந்த நிலையில் புதிதாக எதையும் வாங்க அவசரப்பட வேண்டாம். டாங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு, உள்ளே இருக்கும் ஃபில்டர், காய்ந்து வெடித்த டியூப் இவற்றை மாற்றினாலே பல என்ஜின்கள் எழுந்துவிடும். டாங்க் மூடியின் காற்றுத் துளையையும் பாருங்கள். சில நிமிடம் ஓடி அணைகிறது, மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடுகிறது என்றால் அந்தத் துளை அடைபட்டிருக்கிறது. இதற்காகக் காயிலை மாற்றுகிறவர்கள் உண்டு.

கார்புரேட்டரின் ஜெட்டுக்குள் இரும்புக் கம்பியை விடாதீர்கள். அது பித்தளை, துளை கொஞ்சம் பெரிதானால் அளவு நிரந்தரமாக மாறிவிடும். கரைப்பானில் ஊறவைத்து, காற்றடித்து எடுப்பது நல்லது. கையால் தூக்கும் மெஷின்களில் ஃப்ளோட்டுக்குப் பதில் டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு இருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலில் அது விறைத்துப்போகும். தொட்டால் காகிதம் மாதிரி சலசலத்தால், கழுவிப் பயனில்லை, டயஃப்ரம் கிட் போட வேண்டியதுதான்.

சோக் இல்லாமல் ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலிங் நன்றாக இருக்கிறது, ஆனால் வேகமே ஏறவில்லையா? கார்புரேட்டரை விட்டுவிட்டு சைலன்சருக்குப் போங்கள். ஆயில் எரிந்து சேர்ந்த கரி புகைத் துளையையும், தீப்பொறி தடுக்கும் சின்ன வலையையும் அடைத்துக்கொண்டிருக்கும். வால்வு இல்லாத இந்த என்ஜினில் பழைய புகை வெளியேறினால்தான் புதுக் கலவைக்கு இடம். பிஸ்டனால் துளையை முழுசாக மூடிவைத்து, மரக் குச்சியால் கரியைச் சுரண்டி, உதிர்ந்ததை ஊதி எடுக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பிஸ்டனில் கீறல் விழும்.

புதுக் கார்புரேட்டரா, பழையதற்கு கிட்டா?

பார்க்க அச்சு அசலாக இருக்கும் நகல் கார்புரேட்டர்கள் எளிதாகக் கிடைக்கின்றன. மாட்டிய உடனே ஓடவும் ஓடும். சிக்கல் உள்ளே இருக்கிறது. ஜெட் அளவு உங்கள் என்ஜினுக்காக அமைந்ததாக இருக்காது, பெட்ரோல் குறைவாக விடுகிற பக்கம் சாய்ந்திருந்தால் அந்த என்ஜின் மிகச் சுறுசுறுப்பாக ஓடுகிற மாதிரி தெரியும். கொஞ்ச நாளில் பிஸ்டன் பிடிக்கும். ஆகவே அசல் உடல் நன்றாக இருந்தால் கிட் போட்டு அதையே வைத்துக்கொள்வதுதான் என் தேர்வு.

இரண்டு நிலைகளில் மட்டும் மாற்றிக்கொள்வேன். உள்ளே வெள்ளைப் பொடி பூத்து உலோகமே அரித்துப்போயிருந்தால். அல்லது த்ராட்டில் ஷாஃப்ட் போகும் துளை நீள்வட்டமாகத் தேய்ந்து, பிடித்து ஆட்டினால் ஆடினால். அதன் வழியாகவும் காற்று புகும். அப்போதும் வேகத்துக்கு ஒன்று, ஐடிலிங்குக்கு ஒன்று என இரண்டு திருகாணியும் திருப்பக்கூடிய கார்புரேட்டராகப் பார்த்து வாங்க வேண்டும். வேகத் திருகாணியைச் சற்றுத் தாராளமாக விட்டு, சுமை இல்லாமல் முழு வேகத்தில் ஓடும்போது சத்தம் தடுமாறி, சுமை கொடுத்ததும் தெளிவாகிற இடத்தில் நிறுத்துங்கள். காதுக்கு இனிமையாகக் கிறீச்சிடும் இடம் ஆபத்தான இடம்.

கரண்ட் பக்கத்துக்கும் இதே கேள்வி வரும்: பொறிக்கான கரண்டைத் துண்டித்து விடும் பழைய பாயிண்ட்டைச் சரிசெய்வதா, எலக்ட்ரானிக் மாட்யூலுக்கு மாறுவதா? பாயிண்ட் இடைவெளி பெரும்பாலான சின்ன என்ஜின்களில் 0.35 முதல் 0.4 மில்லிமீட்டர். சூடானதும் அணைந்து, ஆறியதும் ஓடினால் கண்டன்சர் அல்லது காயில் மேல் சந்தேகப்படலாம். மாட்யூல் போட்டால் தேய்மானத் தொல்லை போய்விடும், உண்மைதான். ஆனால் டைமிங் அதன் கையில் போய்விடும், நீங்கள் விரும்பிய இடத்தில் வைக்க முடியாது. ஒரே வேகத்தில் ஓடும் எளிய மெஷினுக்கு மாட்யூல் போதும். டைமிங் நுணுக்கமாக வேண்டிய என்ஜினில் பாயிண்ட்டே இருக்கட்டும்.

பாயிண்ட்டை எட்ட ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டும். அதற்குரிய புல்லரால்தான் கழற்ற வேண்டும், சுத்தியலால் தட்டினால் கிராங்க் வளையும். ஃப்ளைவீல் வந்தபின், பல என்ஜின்களில் அதற்கு நேர் பின்னால்தான் அந்த ஆயில் சீல் இருக்கிறது. கிராங்க் அறையைப் பிரிக்காமல், வெளியிலிருந்தே பழைய சீலை நெம்பி எடுத்துப் புதியதை இறக்கிவிடலாம். மேலோட்டமான சுத்தத்துக்கும் முழுப் பிரிப்புக்கும் நடுவே இருக்கும் இந்த வழியைப் பலர் யோசிப்பதே இல்லை. ஷாஃப்ட்டில் கீறல் படாமல் நெம்ப வேண்டும், புது சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, சரியான அளவு சாக்கெட்டை வைத்து நேராகத் தட்டி இறக்க வேண்டும். பழைய சீல் ஷாஃப்ட்டில் பள்ளம் போட்டிருந்தால், புதியதை ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே நிறுத்துங்கள், உதடு தேயாத இடத்தில் உட்காரும். சோதனையில் சீல் மட்டும் தோற்று, பிஸ்டன் நன்றாக இருக்கிற என்ஜினுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை.

மேல் பாதி: ரிங் மட்டுமா, போரும் சேர்த்தா, நகல் சிலிண்டரா?

பிஸ்டனில் கீறல் கண்டவர்கள் இங்கே வந்து சேர்வார்கள். முதலில் சிலிண்டரின் உட்சுவர் எது என்று தெரிய வேண்டும். காந்தம் வைத்தால் பலமாக ஒட்டுவது இரும்பு. ஒட்டாதது, அல்லது லேசாக மட்டும் ஒட்டுவது, அலுமினியத்தின் மேல் குரோமியமோ நிக்கல்-சிலிக்கான் கார்பைடோ பூசியது. இவை இரண்டுக்கும் பாதை வேறு.

இரும்பு என்றால் அதிர்ஷ்டம். ரிங்கை சிலிண்டருக்குள் பிஸ்டனால் நேராகத் தள்ளி, அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்கலாம். 25 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 0.1 மில்லிமீட்டர் என்பது பொதுவான கணக்கு. இடைவெளி மட்டும் கூடியிருந்து பிஸ்டன் ஆட்டம் இல்லை என்றால் ரிங் மாற்றினால் போதும். ஆட்டம் இருந்தால் ரிங் மட்டும் போடுவது வீண், போர் அடித்து 0.25 அல்லது 0.5 மில்லிமீட்டர் ஓவர் சைஸ் பிஸ்டன் போட வேண்டும். பிஸ்டனைக் கையில் வாங்கிய பிறகே போர் அடிக்கக் கொடுங்கள். அதன் அளவுக்குத்தான் சிலிண்டர், சிலிண்டருக்கு ஏற்ற பிஸ்டன் என்று பிறகு தேட முடியாது. போர் முடிந்ததும் துளைகளின் ஓரங்களை லேசாக மழுக்கச் சொல்வது ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இல்லாத வேலை. அதனால் மறந்துவிடுகிறார்கள். கூரான ஓரத்தில் ரிங் மாட்டி உடையும்.

பூச்சு சிலிண்டரில் சாதாரணமாக போர் அடிக்க முடியாது. ஆனால் கீறல் மாதிரி தெரிவது பலநேரம் கீறலே அல்ல. பிஸ்டனின் அலுமினியம் உருகி சிலிண்டரில் ஒட்டிக்கொண்டது. பஞ்சுக் குச்சியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் தொட்டு அந்த இடத்தில் மட்டும் வைத்தால் அலுமினியம் நுரைத்துக் கரையும், கடினமான நிக்கல் பூச்சு அப்படியே நிற்கும். குரோமியப் பூச்சில் இதைச் செய்ய வேண்டாம், அமிலம் அதையும் அரிக்கும். துளை ஓரத்து வெறும் அலுமினியத்தில் படக் கூடாது. கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் மூன்றும் வேண்டும், பிறகு நன்றாகக் கழுவ வேண்டும். அதன்பின் நகத்தால் தடவும்போது வழுவழுப்பாக இருந்தால் சிலிண்டர் பிழைத்தது. பூச்சே உரிந்து அடி உலோகம் தெரிந்தால் பிழைக்காது.

அப்போதுதான் நகல் சிலிண்டர் கிட் என்ற பேச்சு வர வேண்டும். நல்ல அசல் சிலிண்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பளபளப்பான நகலை மாட்டுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நகலில் துளைகளின் உயரமே மாறியிருக்கலாம், ஓரங்கள் மழுக்கப்படாமல், வார்ப்பின் பிசிறு ஒட்டியபடி இருக்கலாம். வேறு வழியில்லாமல் வாங்கினால் அசலோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, பிசிறை எடுத்து, கூட வரும், பிஸ்டன் பின் நழுவாமல் பிடிக்கும் சர்க்லிப்பை ஒதுக்கிவிட்டு நம்பகமானதாக வேறு போடுங்கள். சர்க்லிப் ஒன்று தெறித்தால் புது சிலிண்டரும் அதே நிமிடத்தில் போய்விடும். பிஸ்டன் மேல் இருக்கும் அம்புக்குறி பொதுவாகப் புகைத் துளைப் பக்கம் பார்க்க வேண்டும். ரிங் வாய்கள் பள்ளத்தில் இருக்கும் குட்டிக் குமிழில் உட்கார வேண்டும், இல்லையென்றால் ரிங் சுற்றிவந்து துளையில் மாட்டும்.

கிராங்க் வரை

பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து நேர் மேலும் கீழும் இழுத்தால் துளியும் ஆட்டம் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மேல்கீழ் ஆட்டம், பேரிங்கில் கரகரப்பு, கிராங்க் அறைக்குள் துரு, உடைந்த பிஸ்டனின் துகள்கள் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மேல் பாதி வேலையோடு நிறுத்துவது பணத்தைத் தண்ணீரில் போடுவது.

“பழைய மாடல், பார்ட்ஸ் கிடைக்காது” என்று இந்த வழியை மூடிவிடுபவர்கள் பேரிங்கின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துப் பார்க்கலாம். 6202, 6203 போன்ற பொது அளவுகளாகவே பெரும்பாலும் இருக்கும். கிராங்குக்கு சி3 என்ற சற்றுத் தளர்வான வகையாகக் கேட்க வேண்டும், சூட்டில் விரிய இடம் தேவை. ஆயில் சீலும் உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் மூன்றும் தெரிந்தால் கிடைத்துவிடும், ரப்பர் மட்டும் பெட்ரோலைத் தாங்கும் வகையாக இருக்கட்டும். உண்மையில் கிடைக்காமல் போவது பிஸ்டனும் கனெக்டிங் ராடும்தான். அவை இரண்டும் கிடைக்குமா என்று உறுதி செய்யாமல் கிராங்கைப் பிரிக்காதீர்கள். பிரஸ் செய்து பொருத்திய கிராங்கைப் பிரித்தால், மறுபடி சேர்க்கும்போது டயல் கேஜ் வைத்து மில்லிமீட்டரின் நூறில் சில பங்குக்குள் நேர்படுத்த வேண்டும். அந்தக் கருவி உள்ள பட்டறைக்குத்தான் கொடுக்க வேண்டும்.

வேறு என்ஜின் என்ற முடிவு எனக்கு மூன்று நிலைகளில் மட்டும் நியாயமாகத் தெரிகிறது: கிராங்க் அறையே வெடித்திருப்பது, உரிந்துபோன பூச்சு சிலிண்டருக்கு மாற்று இல்லாதது, கிராங்க் போய் ராடும் கிடைக்காதது. அதே மாடலில் இன்னொரு செத்த என்ஜின் கிடைத்தால் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்குவது இவை எல்லாவற்றையும்விட மேல். ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு மாற நினைப்பவர்கள், எல்லாக் கோணத்திலும் சாய்த்து வேலை செய்யும் மெஷினா என்பதை முதலில் யோசிக்க வேண்டும். ஆயில் தொட்டி உள்ள என்ஜின்கள் பல, தலைகீழாகச் சாய்த்தால் ஒத்துழைக்காது.

எந்த வழி போனாலும் ஆயில் விகிதம் பற்றி ஒரு தகராறு வரும். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. பழைய புத்தகங்கள் நிறைய ஆயில் சொன்னதற்கு அந்தக் காலத்து ஆயிலின் தரமும் ஒரு காரணம், காற்றால் குளிரும் என்ஜினுக்கான எஃப்டி (ஜாசோ எனும் ஜப்பானியத் தர அளவு) ஆயில் குறைவாகப் போட்டாலும் காப்பாற்றும். ஆனால் உருளை பேரிங் இல்லாமல் வெறும் வெண்கல புஷ்ஷில் ஓடும் மிகப் பழைய என்ஜின்களுக்குப் புத்தகம் சொன்னதையே போடுங்கள். விகிதத்தை மாற்றினால் கார்புரேட்டரையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஆயில் கூடினால் அதே அளவு கலவையில் பெட்ரோல் குறைகிறது. தண்ணீரால் குளிரும் படகு மோட்டாருக்கான ஆயிலைக் காற்றில் குளிரும் என்ஜினுக்கு ஊற்ற வேண்டாம்.

இன்னும் முடிவெடுக்க முடியவில்லை, பார்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்கப் போகிறீர்கள் என்றால், டாங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிட்டு, பிளக் துளையில் ஒரு ஸ்பூன் டூ-ஸ்ட்ரோக் ஆயில் விட்டு மெதுவாகச் சில சுற்று சுற்றுங்கள். கம்ப்ரஷன் இறுகுவது கைக்குத் தெரியும் இடத்தில் நிறுத்தினால் பிஸ்டன் புகைத் துளையை மூடியிருக்கும், ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகாது. பிளக்கைத் திரும்ப மாட்டி, கழற்றிய திருகாணிகளை அதனதன் துளையிலேயே இரண்டு சுற்று ஏற்றி வைத்துவிடுங்கள்.